பன்னீர்ப் பொம்மைக்குக் கை வார்த்த கதை

ஏழுகுளத்தில் அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்துக் காது ஆறு. ஆறும் நல்ல காது. யார் எது சொன்னாலும் ஒரு சொல் சிந்தாமல் உள்ளே போய்விடும். போன சொல் மூளைப் பக்கம் எட்டிப் பார்க்காமல் நேரே கைக்கு வந்துவிடும். அது ஒன்றுதான் குறை. மற்றபடி தங்கமான பிள்ளைகள்.

மூத்தவன் ஆவுடையப்பன். நடுவில் பூதலிங்கம். கடைக்குட்டி திரிகூடம். அப்பா விட்டுப்போன பந்தல் கடையை நடத்தி வந்தார்கள். நாற்காலி, ஜமக்காளம், சீரியல் லைட் எல்லாம் வாடகைக்கு. ஒரு காதுகுத்து வீட்டில், "படுக்கும்போது லைட்டை அணைச்சிட்டுப் படுங்கப்பா" என்று சொல்லியிருக்கிறார்கள். விடிந்ததும் வந்து பார்த்தால், மூன்று பேரும் ஆளுக்கொரு சீரியல் லைட் சரத்தைக் கட்டி அணைத்துக்கொண்டு, பச்சையும் சிவப்புமாக மின்னியபடி தூங்குகிறார்கள். வீட்டுக்காரர் தானே போய் சுவிட்சை நிறுத்தினார். என்னத்தைச் சொல்ல? சொன்னதைத்தானே செய்திருக்கிறார்கள்.

அந்தக் கடையின் பெரிய சொத்து ஒரு பன்னீர்ப் பொம்மை. ஆள் உயரம். பட்டுச்சேலை, நீளச் சடை, ஒட்டியாணம். மண்டப வாசலில் நிறுத்தி சுவிட்சைப் போட்டால் பணிவாகக் குனியும். பிறகு நிமிர்ந்து, வலது கையில் இருக்கிற பன்னீர்ச் செம்பை ஓர் உதறு உதறும். வருகிறவர்கள் முகத்தில் சில்லென்று நாலு துளி விழும். சுற்றுவட்டாரத்தில் இந்தப் பொம்மையிடம் பன்னீர் வாங்காமல் யாரும் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டதில்லை.

இவர்களுக்கு ஒரே தங்கச்சி, குழல்வாய்மொழி. குழலி என்று கூப்பிடுவார்கள். நாலு பேருக்கும் பகிர்ந்து கொடுக்க வேண்டிய புத்தியை ஆண்டவன் கை தவறி ஒரே இடத்தில் கொட்டிவிட்டான். அவளுக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை கணக்கு வாத்தியார். குழலிக்கு அவரை மிகவும் பிடித்துப் போயிற்று. கேட்ட கேள்விக்கு நேரான பதில் சொல்லும் ஓர் ஆண்பிள்ளையை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா வடிவம்மை, பேச்சை முடிக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"நகை நட்டு, சீரு செனத்தி ஒண்ணும் வேண்டாம் மக்கா. உங்க பொம்மை வாசல்ல நின்னு என் மூஞ்சியில பன்னீர் தெளிக்கணும். அவ்வளவுதான். என் மூத்த மவன் கல்யாணத்துக்கு இதே பொம்மைதான் வந்துச்சு. என் ஓரகத்திக்குத் தெளிச்சுது. ஓரகத்தி அக்காவுக்குத் தெளிச்சுது. பால்காரனுக்குத் தெளிச்சுது. நான் போய் நிக்கேன், கரண்டு போயிட்டு! இன்னைக்கு வரைக்கும் ஓரகத்தி சொல்லிச் சிரிக்கா."

"பொம்மை வராட்டி, அத்தை?" என்று ஆவுடையப்பன் கேட்டான்.

"நான் மண்டபத்துக்குள்ள கால் வைக்க மாட்டேன். நான் இல்லாம என் மவன் தாலி கட்டுவானா?"

"மாட்டேன்" என்றார் மாப்பிள்ளை. அதுவும் நேரான பதில்தான். குழலி அப்போதுதான் திரும்பி அண்ணன்களை ஒரு பார்வை பார்த்தாள்.

கல்யாணத்துக்குச் சில நாள் முந்தி, பொம்மையைத் துடைத்து வைக்கலாம் என்று பரணிலிருந்து இறக்கினார்கள். பொம்மையின் கை மெல்லியது. அதனால் குழலி அடுப்படியிலிருந்து சத்தம் கொடுத்தாள். "கையைப் பாத்து இறக்குங்கண்ணே!"

மூன்று பேரும் கையைப் பார்த்தார்கள். கண் இமைக்காமல் கையை மட்டுமே பார்த்தார்கள். ஏணிப்படியைப் பார்க்க ஆளில்லை. பொம்மை தலைகுப்புற வந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை, பூதலிங்கத்தின் மேல்தான் விழுந்தது. வலது கை மட்டும் மணிக்கட்டோடு ஒடிந்து, உருண்டுபோய், வாசலில் நின்ற லோடு ஆட்டோவின் சக்கரத்துக்கு முன்னால் கிடந்தது.

"ஏல திரிகூடம், எடுல! சீக்கிரம் எடுல!" என்று கத்தினான் ஆவுடையப்பன்.

திரிகூடம் பாய்ந்து ஏறி ஆட்டோவை எடுத்தான்.

குழலி வெளியே வந்தபோது, மூன்று அண்ணன்களும் தரையில் கிடந்த வெள்ளைத் தூளைச் சுற்றித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நீ சொன்ன மாதிரி கையைத்தான் பாத்தோம்" என்றான் பூதலிங்கம். "கடைசி வரைக்கும் பாத்தோம்."

அந்தப் பொம்மையைச் செய்தவர் எங்கிருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. தென்காசியில் ரெசின், ஃபைபர் சாமான் விற்கிற செல்வின் என்பவரிடம் கேட்டால் வழி சொல்வார் என்றார்கள். கல்யாணப் பெண் வெயிலில் வெளியூர் அலையக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் தடுத்துவிட்டதால், குழலி போக முடியவில்லை. அதுதான் வினை.

செல்வின் நல்ல மனுஷர். விவரமாகவே சொன்னார். "வீட்டுலயே வார்த்துக்கிடலாம் தம்பி. முதல்ல ஒரு கையை வச்சு இந்த ரப்பர்ல அச்சு எடுங்க. அப்புறம் ரெசின் பசை ரெண்டு பங்கு, அதை இறுக வைக்கிற ஹார்டனர் ஒரு பங்கு கலந்து அச்சுல ஊத்துங்க. கலக்கும்போது குமிழி வரக்கூடாது. ஈரம் ஆகவே ஆகாது. கல்லு மாதிரி இறுகினதுக்கப்புறம் நகத்தை வச்சு அழுத்திப் பாக்கணும். தடம் விழலேன்னா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பெயின்ட் அடிச்சிருங்க."

இத்தனையும் ஒரு ஆள் ஞாபகம் வைக்க முடியாது என்பதால் மூன்று பேரும் பிரித்துக்கொண்டார்கள். அச்சும் பங்கும் மூத்தவனுக்கு. குமிழியும் ஈரமும் நடுவனுக்கு. நகமும் உப்புத்தாளும் சின்னவனுக்கு. பேருந்தில் வரும்போது அவரவர் பாகத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் மந்திரம் என்று நினைத்துக் கும்பிட்டாள்.

அச்சு எடுக்கத் திரிகூடத்தின் கைதான் ஒல்லி. "செம்பு பிடிக்கிற மாதிரி வைல" என்றான் ஆவுடையப்பன். திரிகூடம் எந்தக் காலத்தில் செம்பு பிடித்தான்? கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி உள்ளங்கையைக் குழித்து வைத்தான். தேங்காய் எண்ணெய் தடவி, ரப்பர் கரைசல் நிரம்பிய வாளிக்குள் அப்படியே கையை விட்டு, ரப்பர் இறுகும் வரை அசையாமல் இருந்தான். மூச்சும் விடவில்லை. முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தபிறகுதான், மூக்கு அசையலாமா கூடாதா என்று அண்ணன்மார் பேசி முடிவெடுத்து அனுமதி கொடுத்தார்கள்.

அச்சு அருமையாக வந்தது. அடுத்தது கலவை. இரண்டு டப்பாவையும் நடுவில் வைத்து மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"ரெசினுக்கு ரெண்டு பங்கு. ஹார்டனருக்கு ஒரு பங்கு" என்றான் ஆவுடையப்பன்.

பூதலிங்கம் முகம் மாறியது. "அது என்னண்ணே நியாயம்? ஒரே கடையில ஒண்ணா இருந்ததுங்க. ஒண்ணுக்கு ரெண்டு பங்கு, இன்னொண்ணுக்கு ஒரு பங்கா?"

"கடைக்காரர் அப்படித்தான் சொன்னாரு."

"மூணாம் மனுஷர் சொல்லுவாரு. நம்ம பெரியப்பா வீட்டுல பாத்தோம்லா. பங்குல வஞ்சனை வந்துச்சு, இன்னைக்கு வரைக்கும் அண்ணன் தம்பி ஒட்டவே இல்லை. இதுங்க ரெண்டும் ஒட்டணுமா வேண்டாமா?"

"ஒட்டணும்" என்றான் திரிகூடம், ஹார்டனர் டப்பாவைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே. "இது சின்ன டப்பா வேற. சின்னவன்னா எல்லாரும் ஏமாத்துதாங்க."

ஆவுடையப்பன் நீதிமான். நெடுநேரம் யோசித்து, "சமபங்கு" என்று தீர்ப்புச் சொன்னான். சமபங்கு ஊற்றினார்கள்.

மறுநாள் அச்சைப் பிரித்தால் கை வந்தது. ஆனால் வெந்த சேனைத் தண்டு மாதிரி தொங்கியது. தொட்டால் பிசுபிசு என்று ஒட்டியது. ஆவுடையப்பன் செல்வினுக்குப் போன் போட்டான்.

"அண்ணாச்சி, கை ஒட்டுது."

"கையில பட்டா அப்படித்தான். சோப்புப் போட்டுக் கழுவுங்க."

கழுவினார்கள். மறுபடியும் போன்.

"கழுவியாச்சு. இன்னும் கொழகொழங்குது. விரலெல்லாம் வளையுது."

"விரல்னா வளையத்தான தம்பி செய்யும்?"

"எந்தப் பக்கம் வேணும்னாலும் வளையுது அண்ணாச்சி. ரெண்டு விரலை முடிச்சுப் போட்டுப் பாத்தோம். விழுது."

செல்வின் பதறிப்போய், "ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?" என்றார்.

பொம்மையின் கை என்று அவருக்குப் புரிந்து, சமபங்கு விவகாரமும் வெளியே வந்தபிறகு, அவர் ஒரு பெருமூச்சு விட்டார். "ஹார்டனர் கூடினாலும் இறுகாது, குறைஞ்சாலும் இறுகாது தம்பி. கண்ணளவு வேண்டாம். எடை போட்டுட்டுக் கலக்குங்க. ஊத்தினதுக்கப்புறம் பச்சைப் புள்ளையைப் பாக்கிற மாதிரி வெதுவெதுப்பா வச்சுப் பாத்துக்கிடணும்."

மூன்று பேரும் அரிசி ஆலைக்குப் போய் எடை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆவுடையப்பன்தான் கனம். ஆனால் கனத்தவன் கலக்க வேண்டுமா, இலேசானவன் கலக்க வேண்டுமா என்று செல்வின் சொல்லவில்லையே என்று வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, குழலி வெளியே வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். கடையில் இருந்த சின்ன மின்தராசை எடுத்து வந்து, ரெசினையும் ஹார்டனரையும் தன் கையாலேயே நிறுத்து, ஓரமெல்லாம் வழித்து, பைய கலக்கி, அச்சில் ஊற்றினாள்.

"நான் ஜாக்கெட் தைக்கக் குடுத்துட்டு வாரேன். அதுவரைக்கும் கடைக்காரர் சொன்ன மாதிரி பாத்துக்கிடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி சொல்ல முடியாது.

கடைக்காரர் சொன்னது பச்சைப் புள்ளை. எனவே பூதலிங்கம் பரண் உத்தரத்தில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டான். அச்சை அதில் படுக்க வைத்தார்கள். திரிகூடம் கன்னம் எது என்று தெரியாமல் ரப்பரின் நாலு பக்கமும் மை வைத்தான். ஆவுடையப்பன் தொட்டிலை ஆட்டினான். அவனுக்குத் தாலாட்டு தெரியாது. மைக்செட் டெஸ்ட் பண்ணத்தான் தெரியும். "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்று மெல்லிய ராகத்தில் பாடினான்.

கொஞ்ச நேரத்தில் பூதலிங்கம் எட்டிப் பார்த்தான். ஆட்டிய ஆட்டத்தில் உள்ளே குமிழி குமிழியாகப் பொங்கியிருந்தது.

"அண்ணே! குமிழி! என் பாகத்துல வருது. குமிழி வரக்கூடாதுன்னு சொன்னாரு."

ஆவுடையப்பன் குனிந்து பார்த்தான். முகம் கவலையில் சுருங்கியது. "இது வாயுல."

"வாயுவா?"

"பால் குடிச்ச புள்ளைக்கு ஏப்பம் விடலேன்னா வாயுதான் பொங்கும். நம்ம குழலிக்கும் சின்னதுல இருந்துச்சு."

தோளில் போட்டுத் தட்டினார்கள். ஏப்பத்துக்குப் பதில் ரெசினே கொஞ்சம் ஆவுடையப்பன் சட்டையில் வழிந்தது. "பாத்தியா, எதுக்களிக்குது" என்றான். உடனே திரிகூடம் ஓடிப்போய் ஓமத் தண்ணீர் வாங்கி வந்தான். சங்கில் ஊற்றி, சங்கை அச்சின் வாயில் வைத்து, முழுசாகப் புகட்டினார்கள்.

குழலி வந்து பார்த்தபோது மூன்று பேரும் வாயில் விரல் வைத்து, "ஸ்ஸ், இப்பதான் கண்ணசந்துச்சு" என்றார்கள்.

அவள் தொட்டிலைப் பார்த்தாள். மையைப் பார்த்தாள். சங்கைப் பார்த்தாள். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அவள் அழுது அண்ணன்கள் பார்த்ததே இல்லை. பூதலிங்கம் பதறிப்போய் அவளைக் கையைப் பிடித்து மெதுவாக எழுப்பி வாசலுக்குக் கூட்டிப்போனான்.

"அழுதுக்கோ தாயி. ஆனா இங்கன உக்காந்து அழு. உள்ள ஈரம் ஆகாதாம்."

இரண்டாவது கையும் கூழாகத்தான் வந்தது. ஓம வாசனை மட்டும் தூக்கலாக இருந்தது.

இந்தத் தடவை குழலியே செல்வினோடு பேசினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போனை உங்க அண்ணன்மார்ட்ட குடும்மா" என்றார். "தம்பிகளா. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன். தங்கச்சி கலந்து ஊத்தட்டும். நீங்க ஒண்ணும் செய்யாதீங்க. எதுவுமே செய்யாதீங்க."

குழலி மறுபடியும் நிறுத்துக் கலந்து ஊற்றினாள். அண்ணன்கள் மூன்று பேரும் வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் இருக்க ஆரம்பித்தார்கள். சாப்பிடவில்லை. குளிக்கவில்லை. ஈ உட்கார்ந்தால் ஓட்டவில்லை. ஒருவர் நாற்காலி வாடகை கேட்டு வந்தார். மூன்று பேரும் அவரையே பார்த்தபடி இருந்தார்கள். அவர் பயந்துபோய், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பக்கத்துத் தெருவில் சொல்லிவிட்டார். சாயங்காலம் ஒரு மழைத்தூறல் போட்டது. அதிலும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருப்பதும் ஒரு செயல்தானே.

மறுநாள் குழலி அச்சைப் பிரித்தாள். கை வந்தது. தட்டினால் டக்டக் என்றது. சுவரில் அடித்தால் சுவரில் தழும்பு விழுந்தது. கல்லு மாதிரி கை. குழலி அதை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். "இனிமே எல்லாம் செய்யலாம்ணே" என்றாள். மூன்று பேரும் ஒன்றாக எழுந்து ஈ ஓட்டினார்கள்.

"என் பாகம் வந்துட்டு" என்றான் திரிகூடம். "நகத்தை வச்சு அழுத்திப் பாக்கணும்."

அப்போதுதான் தெரிந்தது, மூன்று பேருக்குமே நகம் இல்லை. இந்த நாலு நாள் கவலையில் கடித்துத் துப்பியிருந்தார்கள். வீட்டில் நகம் இருந்தது குழலிக்கு மட்டும்தான். கல்யாணத்துக்கென்று ஆசையாக வளர்த்து, அன்று காலையில்தான் சாயம் பூசியிருந்தாள். பெருவிரலை வைத்து அழுத்தினாள். டொப்பென்று சத்தம்.

"தடம் விழுந்துச்சா?" என்று மூன்று பேரும் கேட்டார்கள்.

"தடம் விழலை. நகம்தான் விழுந்துச்சு" என்றாள். அதற்கும் சிரித்தாள். பாவம், சந்தோஷத்தில் இருந்தாள். மருதாணி வைக்க ஆள் வந்து கூப்பிட்டதும் உள்ளே போய்விட்டாள். அங்கேதான் தப்பு செய்தாள்.

திரிகூடம் சாமான் கடைக்குப் போய் உப்புத்தாள் கேட்டான். கொடுத்தார்கள். வாங்கி, நக்கிப் பார்த்தான். முகத்தைச் சுளித்தான்.

"அண்ணாச்சி, இதுல உப்பே இல்லை. நாக்குதான் அறுக்குது."

கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அதுல எதுக்குடே உப்பு?"

"உப்புத்தாளுன்னு சொல்லிட்டு உப்பில்லாத தாளை விக்கீரே, நாளைக்கு மிளகாய்த்தூளுன்னு செங்கப்பொடியைக் குடுப்பீரா?" என்று நியாயம் கேட்டுவிட்டு, கோபித்துக்கொண்டு திரும்பி வந்தான். மூன்று பேரும் சேர்ந்து பழைய பேப்பரில் கஞ்சி தடவி, கல்லுப்பைத் தூவி, காயவைத்து, சுத்தமான உப்புத்தாள் செய்தார்கள். "தண்ணி தொட்டுத் தேய்ச்சா நல்லா வரும்" என்று யாரோ தெருவில் போனவர் சொன்னார். தண்ணீர் தொட்டதும் உப்பு கரைந்து போயிற்று. கையில் பேப்பர்தான் மிஞ்சியது. ராசிபலன் தெரிந்தது. அதைப் படித்துப் பார்த்தார்கள். 'பிறர் சொல் கேட்டு நடக்கவும்' என்று போட்டிருந்தது.

ஆகவே மறுபடியும் செல்வினுக்கே போன் போட்டார்கள். உப்புத்தாள் என்றால் அந்த நாக்கை அறுக்கும் தாள்தான் என்று அவர் அடித்துச் சொன்னார். "அதை வாங்கி நல்லாத் தேயுங்க தம்பி. கையில ஒரு கோடுகூடத் தெரியக்கூடாது. கோடு தெரியுற வரைக்கும் விடாதீங்க."

தேய்த்தார்கள். வார்ப்பில் விழுந்திருந்த சின்னக் கோடுகள் உடனே மறைந்துவிட்டன. அப்புறம் ஆவுடையப்பன் கையை வெயிலில் தூக்கிப் பார்த்தான்.

"இங்கன ஒரு பெரிய கோடு இருக்குல."

"எங்கண்ணே?"

"இந்தா. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் ஊடால."

"ஆமா! இந்தப் பக்கமும் ஒண்ணு இருக்கு. மொத்தம் நாலு இருக்கே!" என்றான் பூதலிங்கம். "இவ்வளவு பெரிய கோடு எப்படிக் கண்ணுல படாமப் போச்சு?"

"அது விரலுக்கு நடுவுல உள்ள சந்துல்லா?" என்றான் திரிகூடம். அவன் வாழ்க்கையில் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அது.

ஆவுடையப்பன் அவனைக் கனிவாகப் பார்த்தான். "சந்துதான். ஆனா பாக்கிறதுக்குக் கோடு மாதிரி தெரியுதா இல்லையா?"

"தெரியுது."

"தெரியக்கூடாதுன்னு சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு."

ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்து தேய்த்தார்கள். நல்ல வார்ப்பு. கல்லாக இறுகிய வார்ப்பு. இலேசில் கரையவில்லை. வாசலெல்லாம் வெள்ளைப் பொடி பறந்தது. மூன்று பேரும் விபூதியில் குளித்த மாதிரி ஆனார்கள். முடிவில் கோடெல்லாம் போயிற்று. கோட்டோடு விரலும் போயிற்று. தீர்த்தம் வாங்கிய உள்ளங்கைக் குழி மட்டும் வழவழவென்று மிஞ்சியது. மணிக்கட்டுக்கு மேல் ஒரு முழுத்த அகப்பை. அதற்கு ரோஸ் பெயின்ட் அடித்து, பொம்மையின் கையில் ஒட்டிவிட்டார்கள். ஒட்டு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

குழலி அதைப் பார்த்தது கல்யாணத்தன்று காலையில், மண்டப வாசலில். கழுத்தில் மாலை. மாப்பிள்ளை வீட்டு வேன் தெருமுனையில் திரும்பிவிட்டது. மேளச் சத்தம் கேட்கிறது. அவள் பொம்மையின் கையைப் பார்த்தாள், அண்ணன்களைப் பார்த்தாள். அழ நேரமில்லை, மையும் கலைந்துவிடும்.

"செம்பை எப்படிண்ணே பிடிக்கும்?" என்றாள் மெல்ல.

மூன்று பேரும் இதை யோசிக்கவில்லை.

"செம்பைப் பிடிக்க விரல் இல்லை. பன்னீரையாவது முன்னால வச்சுத் தொலைங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

முன்னால் வைத்தார்கள். பந்திக்கு ரசம் வைக்கக் கொண்டுவந்த அண்டாவை இழுத்து வந்து, இருந்த பன்னீர் பாட்டிலெல்லாம் கவிழ்த்து, பற்றாததற்குத் தண்ணீர் விட்டு நிரப்பினார்கள்.

வடிவம்மை எல்லாருக்கும் முந்தி வேனிலிருந்து இறங்கினாள். ஓரகத்தியைக் கையோடு பிடித்துக்கொண்டு வந்தாள். பொம்மைக்கு நேராக, மிக அருகில் போய் நின்றாள். கண்ணை மூடி முகத்தை நீட்டினாள். "போடு மக்கா சுவிட்சை!"

போட்டார்கள். பொம்மை பணிவாகக் குனிந்தது. கை அண்டாவுக்குள் போயிற்று. நிமிர்ந்து, கல்லு மாதிரி இறுகிய கையால் ஓர் உதறு உதறியது.

ஒரு அகப்பைப் பன்னீர் முழுசாக வடிவம்மையின் முகத்தில் சளார் என்று விழுந்தது. அவள் மூச்சுத் திணறி வாயைத் திறப்பதற்குள் அது மறுபடியும் குனிந்தது. சளார். மூன்றாவது தடவை கொண்டை அவிழ்ந்தது. ஆவுடையப்பன் ஓடிப்போய் சுவிட்சை நிறுத்தினான். மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். உள்ளே மணவறையில் குழலி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

வடிவம்மை பட்டுச்சேலை சொட்டச் சொட்ட, மெதுவாக ஓரகத்தி பக்கம் திரும்பினாள்.

"உனக்கு எத்தனை சொட்டு தெளிச்சுது அன்னைக்கு?"

"நாலு சொட்டு இருக்கும்" என்றாள் ஓரகத்தி ஈனசுரத்தில்.

"நாலு சொட்டு!" வடிவம்மை தலையைச் சிலுப்பினாள். அதில் ஓரகத்திக்கு இன்னும் நாலு சொட்டு கிடைத்தது. "சம்பந்தி வீடுன்னா இப்படில்லா இருக்கணும். பாத்துக்கோ, என்னைக் குளிப்பாட்டிட்டாவ!" என்று சொல்லிக்கொண்டு, ஈரக்கால் தடம் பதிய, ராணி மாதிரி மண்டபத்துக்குள் நடந்தாள். முகூர்த்தம் தவறவில்லை. மாப்பிள்ளை தாலி கட்டினார்.

பந்தி நடக்கும்போது செல்வின் வந்தார். அழைத்திருந்தார்கள். தான் சொல்லிச் செய்த கை எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க அவருக்கும் ஆசை. வாசலிலேயே நின்று பொம்மையைப் பார்த்தார். அகப்பையைத் தட்டிப் பார்த்தார். நகத்தால் அழுத்திப் பார்த்தார். நல்ல இறுக்கம். பிறகு சுற்றிச் சுற்றித் தேடினார்.

"விரல் எங்க?"

"அதுலதான் அண்ணாச்சி கோடு இருந்துச்சு. நீங்க சொன்ன மாதிரி தேய்ச்சு எடுத்துட்டோம்" என்றான் ஆவுடையப்பன் பெருமையாக.

செல்வின் வாசல் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "உங்களைச் சொல்லிக் குத்தமில்லை. உங்களுக்குப் போய் சொன்னேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும்" என்றார்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தள்ளிப்போய் நின்று தாழ்ந்த குரலில் பேசினார்கள்.

"இவ்வளவு உதவி செஞ்ச மனுஷரு. அவரு வாய்விட்டுக் கேட்டு நாம செய்யாம இருக்கலாமா?" என்றான் ஆவுடையப்பன்.

"அதுக்காக வாசல்ல கிடக்கிற பழஞ்செருப்பையா எடுக்கது? மரியாதை இல்லையேண்ணே" என்றான் பூதலிங்கம்.

திரிகூடம் அதற்குள் தெருவில் இறங்கி ஓடிவிட்டான். செல்வின் ஒரு வடையைக் கையில் வாங்கி, வாயில் வைக்கும் நேரத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். கையில் புத்தம் புது அட்டைப்பெட்டி. பெட்டியைத் திறந்து, காகிதத்தை விலக்கி, அவர் காலடியில் குனிந்து பணிவாக வைத்தான்.

"அண்ணாச்சி, ஒரு தடவை காலில போட்டுப் பாத்துக்கிடுங்க. அளவு சரியில்லேன்னா மாத்தித் தருவாவளாம். அடிச்சதுக்கப்புறம் மாத்த மாட்டாவளாம்."